தராசும் தகுதியும்: மலையகப் புனைகதையிற் 'தன்னை நிரூபித்தல்' குறித்து நிவித்திகலவிலிருந்து ஒரு நோக்கு

மலையகத் தமிழ்ப் புனைகதைகளைத் தொடர்ந்து பயின்றுவருவோர்க்கு ஒரு கதையமைப்பு நன்கு பழகிப்போன ஒன்றாகும். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த ஒருவர் பிறரால் இழித்து நோக்கப்படுகிறார். கல்வியாலோ, உழைப்பாலோ, ஒழுக்கத்தாலோ அவர் தம்மை உயர்த்திக்கொள்கிறார். முன்னர் இகழ்ந்தோர் இறுதியில் நாணுகின்றனர், அல்லது வாழ்த்துகின்றனர். இவ்வமைப்பை வசதி கருதி 'நிரூபணக் கதை' என இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். பாடசாலை ஆண்டு மலர்களிலும் பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளிலும் வெளிவரும் கதைகளுட் கணிசமானவை இவ்வகையைச் சார்ந்தவையே. விமரிசகர்கள் இவற்றை இருவகையாக நோக்கி வந்துள்ளனர். ஒரு சாரார் இவற்றைத் தன்னம்பிக்கை ஊட்டும் எழுத்துகள் எனப் பாராட்டினர். எம்மைப் போன்ற மார்க்சியச் சார்பினருட் பலர், வர்க்கப் போராட்டத்தைத் தனிமனித முன்னேற்றமாகச் சுருக்கும் சிறுமுதலாளித்துவக் கற்பனைகள் என ஒதுக்கினர். இரு நோக்கும் பிரச்சினையின் பாதியை மட்டுமே காண்கின்றன என்பது எமது துணிபு. அதனை விளக்குதற்கு, மலையக இலக்கியம் பேசப்படும்போது எவரும் நினைவுகூராத நிவித்திகல போன்றதோர் ஊர் மிகவும் பயன்படும்.

முதலில், நிரூபிக்கவேண்டிய தேவை எங்கிருந்து எழுந்தது என்பதை நோக்குதல் வேண்டும். இலங்கையின் பெருந்தோட்டத்தைப் பொருளாகக் கொண்ட தொடக்ககாலத் தமிழ் நூல்களுள் ஒன்றாகிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரால் இயற்றப்பட்டது. கும்மி உழைக்கும் மக்களின் வடிவம். ஆனால் அவ்வடிவத்தினுள் நின்று பேசியது பயிர்ச்செய்கையை நடத்துவோரின் குரலாகும். தொழிலாளி அங்கே சீர்திருத்தப்பட வேண்டியவனாக, மேற்பார்வைக்கு உரியவனாகத் தோன்றுகிறான். (அந்நூல் வெளிவந்த அதே 1869 இலேயே கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது என்பதையும் இவ்விடத்திற் சொல்லி வைக்கலாம். பயிர் அழிந்தது, பார்வை அழியவில்லை.) 'கூலி' என்ற சொல் ஊதியத்தைக் குறிப்பதிலிருந்து ஆளைக் குறிப்பதாக மாறியமை வெறும் சொற்பொருள் மாற்றமன்று. ஒரு மனிதனை அவனது நாட்சம்பளமாகவே காணுதல் பெருந்தோட்ட உற்பத்தி முறைக்கு இன்றியமையாத தேவையாயிருந்தது. கங்காணி முறை, கடன், துண்டு, லயம் ஆகியவற்றால் வெளியுலகிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட மக்களை வெளியுலகம் அறியாதிருந்தது இயல்பே. அறியாமையினால் ஏற்பட்ட வெற்றிடத்தைத் 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி', 'வடக்கத்தியான்' என்ற சொற்கள் நிரப்பின. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 'இந்தியத் தமிழர்' தனிப்பிரிவாக வகுக்கப்பட்டதும், 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் இப்பார்வைக்கு அரச முத்திரை இட்டன. எனவே நாம் 'காலாவதியான பார்வை' என்று இன்று கூறுவது தனிப்பட்டவர்களின் மனக்கோணல் மட்டுமன்று. அது ஒரு காலத்தில் ஊதிய விகிதத்தையும் வாக்குரிமையையும் நிர்ணயித்த பார்வை.

இப்பார்வைக்கு எழுத்தின்மூலம் எழுந்த முதல் எதிர்ப்பு, நிரூபண வடிவில் எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கோ. நடேசய்யரும் அவரது துணைவியார் மீனாட்சியம்மாளும் தொழிலாளி தன்னை எவருக்கும் நிரூபிக்க வேண்டும் எனக் கருதியவர்களல்லர். 1931 இல் தொழிற்சங்கத்தை நிறுவிய நடேசய்யரும், 1940 இற் பாடல்களை நூலாக வெளியிட்டுக் கூட்டங்களிலே பாடிய மீனாட்சியம்மாளும் குற்றக்கூண்டில் நிறுத்தியது துரையையும் கங்காணியையும் அரசையும். தொழிலாளி அங்கே வழக்குத் தொடுப்பவன். 1948 இன் பின்னரோ நிலைமை தலைகீழாகிறது. நாடற்றவனாக்கப்பட்டவன் தான் இந்நாட்டிற்கு உரியவன் என்பதற்குச் சான்று காட்டவேண்டியவனாகிறான். பிறப்புப் பத்திரம், வதிவுச் சான்று, விண்ணப்பப் பத்திரம் என அவனது வாழ்வே நிரூபணமாக மாற்றப்பட்டது. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிற் பாராளுமன்றத்திற்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, அடுத்த சில ஆண்டுகளில் தமது மக்களுக்கு வாக்குரிமையே இல்லாத நாட்டின் கவிஞராக எழுதவேண்டியவரானார். நிரூபணக் கதையின் உளவியலைக் குடியுரிமை அலுவலகத்தின் வாசலிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

இப்பின்னணியில் என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையை மீண்டும் படித்தல் வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்து, பின்னர் 1980 இல் அதே பெயர் கொண்ட தொகுதியில் இடம்பெற்ற இக்கதை மலையகச் சிறுகதையின் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுவது. இளம் பெண்ணொருத்தி ஒரு நாள் வழக்கத்தினும் மிகுதியாகக் கொழுந்து பறித்துவிடுகிறாள். அது அவளது கைத்திறனால் வந்ததன்று, கணக்குப் பதிபவனின் தயவால் வந்தது என்ற ஐயம் எழுகிறது. அவள் மீண்டும் மலைக்குச் சென்று, தன் கைகளைக் கொண்டே அவ்வையத்தைப் போக்குகிறாள். கதையின் சிறப்பு அதன் சிக்கனத்தில் உள்ளது. பிரசங்கம் இல்லை, கண்ணீர் இல்லை. தொழிலாளப் பெண்ணை இரக்கத்திற்குரியவளாகக் காட்டாது, தொழிலில் தேர்ந்தவளாகக் காட்டிய கதை இது. உழைப்பை அவலமாகவே கண்டுவந்த எழுத்துக்கு நடுவே, உழைப்பிற் கைத்திறன் உண்டு, பெருமிதம் உண்டு என்பதைக் காட்டியமை சிறு சாதனையன்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) போன்ற, வரலாற்றுத் துயரைப் பெரும்பரப்பில் வரைந்த நாவல்களிலும் இத்தகைய கைத்திறனின் பெருமிதத்தை நாம் அரிதாகவே காண்கிறோம்.

ஆயினும் ஒரு வினாவை எழுப்பாதிருக்க முடியவில்லை. அப்பெண்ணின் மானம் எங்கே நிரூபணமாகிறது? தராசில். அத்தராசு யாருடையது? தோட்டத்தினுடையது. நிறுத்துப் பதியும் புத்தகமும் தோட்டத்தினுடையதே. அவளது பெண்மையின் மீது வீசப்பட்ட அவதூறு, முதலாளிக்கு வேண்டிய பொருளின் நிறையாலேயே கழுவப்படுகிறது. அவள் வென்றாள் என்பதில் ஐயமில்லை. அவ்வெற்றிக்கான அளவுகோலை அவள் வகுக்கவில்லை என்பதிலும் ஐயமில்லை. ஒருத்தி ஒரு நாளிற் பறிக்கக்கூடும் என்று காட்டப்பட்ட நிறை, நாளை எல்லோரும் பறிக்கவேண்டிய நிறையாக ஆக்கப்படலாம். குறித்த நிறை குறைந்தால் 'அரைப் பேர்' போடும் நடைமுறையை அறிந்தோர்க்கு இது விளக்கமின்றியே புரியும். மேலும், இக்கதை எழுதப்பட்ட காலத்தில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் நாட்சம்பளத்திலும் குறைவாகவே விதிக்கப்பட்டிருந்தது. தோட்டத்துறையில் அவ்விரண்டும் சமமாக்கப்பட்டது 1984 இலேயே. எவரினும் மிகுதியாகப் பறித்துத் தன்னை நிரூபித்தவள், நிரூபித்த பின்னரும் பெண்பிள்ளைச் சம்பளக்காரியே. இதனை இராமையாவின் குறையாக நாம் சொல்லவில்லை. யதார்த்தவாதி தன் காலத்தின் எல்லையை உண்மையாகப் பதிவு செய்கிறான். அந்த எல்லையைக் காணாது 'உழைப்பே உயர்வு தரும்' என்ற பாடமாக இக்கதையை வகுப்பறையிற் கற்பிக்கும் விமரிசனமே குறையுடையது.

இனி நிவித்திகலவுக்கு வருவோம். இரத்தினபுரி மாவட்டத்திலே, மாணிக்கக் குழிகளுக்கும் சிங்களக் கிராமங்களுக்கும் இடையே சிதறிக்கிடக்கும் இறப்பர்த் தோட்டங்களும் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களும் கொண்ட பகுதி இது. 'மலையகம்' என்றவுடன் மனத்தில் எழும் பனிமூட்டமும், கூடை சுமந்த பெண்களின் வரிசையும், கண்ணுக்கெட்டிய தூரம் தமிழர் லயங்களும் இங்கே இல்லை. நுவரெலியாவில் ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்தோடு தோள் உரசி நிற்கும். இங்கோ தோட்டம் கிராமத்தால் சூழப்பட்ட தீவு. விடிவதற்கு முன் சிரட்டைகளைத் துடைத்து மரத்திற்கு மரம் சென்று பட்டையைச் சீவும் பால்வெட்டுத் தொழிலாளியின் உழைப்பு, கொழுந்து பறித்தலினின்றும் தன்மையால் வேறுபட்டது. அது தனித்துச் செய்யும் வேலை. மழை பெய்தால் வேலையே இல்லை.

தராசைப் பற்றி மேலே கூறியது இங்கே இன்னொரு வடிவம் பெறுகிறது. கொழுந்தின் நிறையைப் பறித்தவளும் கண்ணாற் பார்க்கலாம். இறப்பர்ப் பாலோ அளக்கப்படுவதோடு நிற்பதில்லை. அதனுள் உலர்ந்த இறப்பர் எவ்வளவு உண்டு என்பது கருவியொன்றை அமிழ்த்தி மதிப்பிடப்படும். பாலில் தண்ணீர் கலந்தாள் என்ற ஐயம் எழுந்தால், வாளி நிறைந்திருப்பதே அவளுக்கு எதிரான சான்றாகிவிடும்! இராமையாவின் கதைமாந்தருக்குக் கிடைத்த எளிய, அனைவர் கண்முன்னும் நிகழ்ந்த வெற்றி, பால்வெட்டும் பெண்ணுக்குக் கிடைப்பதற்கில்லை. மலையக இலக்கியத்தில் தேயிலை பெற்ற இடத்தை இறப்பர் பெறாமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். இந்தத் தெளிவான நாடகத் தருணம் அத்தொழிலில் இல்லாமையும் அவற்றுள் ஒன்று என்பது எமது கருத்து.

நிவித்திகலத் தோட்டத்து இளைஞன் எதிர்கொள்ளும் பார்வைகள் மூன்று. கிராமத்துச் சிங்களவரின் பார்வை முதலாவது. 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தாலும், 1897 ஆம் ஆண்டு தரிசு நிலச் சட்டத்தாலும் தம் சேனை நிலங்களை இழந்த மக்களின் சந்ததியினர் அவர்கள். நிலத்தைப் பறித்த துரை தொலைவில் இருந்தான். அந்நிலத்தில் வேலை செய்தவன் வேலிக்கு அப்பால் இருந்தான். கோபம் அண்மையில் இருப்பவன்மீது பாய்ந்தது. இரண்டாவது, யாழ்ப்பாணத்தும் கொழும்பினதும் கற்ற தமிழரின் பார்வை. இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக விடுதிகளில் தங்கிப் பயின்ற மலையக மாணவர் எவரும் அதனை அறிவர். மூன்றாவதைத்தான் எவரும் எழுதுவதில்லை. அது மத்திய மலைநாட்டுத் தமிழரின் பார்வை. சிங்களச் சொற்கள் கலந்து பேசுபவர், பண்பாடு கெட்டவர், 'உண்மையான' மலையகத்தவர் அல்லர் என்ற எண்ணம் அங்கே நிலவுகிறது. ஒடுக்கப்பட்டோர் தமக்குள்ளே வகுத்துக்கொள்ளும் படிநிலைகளை மார்க்சிய விமரிசனம் மென்று விழுங்குவது முறையன்று.

ஆனாற் சப்பிரகமுவையின் வரலாறு பகையின் வரலாறு மட்டுமன்று. மத்திய மலைநாட்டைவிட இங்கு இறப்பர்த் தோட்டங்களிற் சிங்களத் தொழிலாளர் மிகுதியாக வேலை செய்தனர். ஒரே நிரையிற் பால்வெட்டியோர் ஒரே சங்கத்திற் சேர்ந்தனர். 1936 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் என். எம். பெரேரா ருவன்வெல்லையிலும், பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றிபெற்றமைக்கு, 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இடதுசாரிகள் கிராமங்களில் ஆற்றிய பணி முக்கிய காரணமாயிற்று. இம்மாகாணம் சிவப்புக் கொடியை அறிந்த மாகாணம். லங்கா சமசமாஜக் கட்சி 1948 இற் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தது. 1964 ஜூனில் அது கூட்டரசாங்கத்தில் அமர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கவேண்டிய எண்ணிக்கையாயினர். கட்சி அரசாங்கத்தைவிட்டு வெளியேறவில்லை. 1977 இலும், பின்னர் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களின் லயங்கள் எரிந்தபோது, ஒரே நிரையிற் பால்வெட்டியதன் நினைவு எவரையும் காப்பாற்றப் போதுமானதாக இருக்கவில்லை. வர்க்க ஒற்றுமை தானாகவே இனப்பாரபட்சத்தைக் கரைத்துவிடும் என்று நம்பிய விமரிசனத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேறில்லை. பாரபட்சத்தைத் தனி ஒரு பிரச்சினையாகக் கொண்டு, அதற்கெதிராகவே போராடாத இயக்கம், நெருக்கடி வந்தபோது அப்பாரபட்சத்திற்கே இடங்கொடுத்தது.

அவ்வன்செயல்களின் பின் வன்னிக்கு ஓடியவர்கள் உண்டு. ஓடாது நின்றவர்கள், பலர் கவனிக்காத ஒரு காரியத்தைச் செய்தனர். சிங்களத்தை வெறும் சந்தைமொழியாக அல்லாது, எழுதவும் வாதிடவும் வல்ல மொழியாகக் கற்றனர். தமிழ்மொழி மூல உயர்தர வகுப்புகளின் பற்றாக்குறை காரணமாகப் பிள்ளைகளைச் சிங்களப் பாடசாலைகளுக்கு அனுப்பிய குடும்பங்களும் பல. இதனை 'மொழியிழப்பு' என ஒரே சொல்லில் முடிக்கும் வழக்கம் எமது ஆய்வுகளில் உண்டு. இழப்பு உண்மையே. பெயரைச் சுருக்கி, பொட்டை அழித்து, தன்னை மறைத்து வாழ்தல் வளர்ச்சியாகாது. அது பார்வைக்குப் பணிதலே. ஆனால் பேருந்திலும் பிரதேச செயலகத்திலும் தன் பெயரை மறைக்காமலே, எதிரில் இருப்பவரின் மொழியிற் செம்மையாகப் பேசித் தன் உரிமையைக் கேட்கும் ஒருத்தி முற்றிலும் வேறு. முன்னவர் தம்மை மாற்றிக்கொண்டார், சூழல் மாறவில்லை. பின்னவர் தம்மை மாற்றிக்கொண்டதனால் எதிரில் இருப்பவரும் சிறிது மாறவேண்டியவராகிறார். 1845 இல் மார்க்ஸ் எழுதிய ஃபாயர்பாக் பற்றிய குறிப்புகளுள் மூன்றாவது, சூழலை மாற்றுதலும் மனிதர் தம்மை மாற்றிக்கொள்ளுதலும் ஒருசேர நிகழும் செயலையே புரட்சிகர நடைமுறையாகக் கொள்கிறது. கற்பிப்போரும் கற்பிக்கப்படவேண்டியவர் என்ற நினைவூட்டலும் அங்கேயே உண்டு. எமது விமரிசகர்கள் இக்குறிப்பைப் பிற ஆய்வுகளில் எடுத்தாண்டிருக்கின்றனர். மலையகக் கதைகளை மதிப்பிடும்போது மட்டும் அது மறந்துபோகிறது. சூழலை மாற்றுவோர் ஒருபுறம், மாற்றப்படுவோர் மறுபுறம் எனப் பழைய பிரிவினை திரும்பி வந்துவிடுகிறது.

நிரூபணக் கதைகளைத் தரம்பிரிக்க இங்கேயே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நாயகன் உயர்ந்தானா என்பதைவிட, அவன் உயர்ந்தபோது அவனை அளந்த தராசுக்கு என்ன நேர்ந்தது என்பதே கேட்கப்பட வேண்டியது. தோட்டத்துப் பையன் ஆசிரியனாகிறான், துரையின் மகன் கைகொடுக்கிறான், கதை முடிகிறது. இத்தகைய கதையிலே தராசு அப்படியே இருக்கிறது. ஒருவன் மட்டும் விதிவிலக்காக்கப்பட்டான். 'இவன் மற்றவர்களைப் போலன்று' என்ற பாராட்டில், மற்றவர்கள் பற்றிய பழைய தீர்ப்பு மேலும் உறுதிப்படுகிறது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதையடுத்து உருவாகிய ஆசிரியர் தலைமுறை இத்தகைய கதைகளைப் பெருமளவில் எழுதியமைக்கு வர்க்க அடிப்படை உண்டு. அது தன் வரலாற்றையே எழுதியது. எள்ளி நகையாடத்தக்க செயலன்று இது. லயத்திலிருந்து கரும்பலகைவரை நடந்த தூரம் சிறிதன்று. ஆனால் அத்தலைமுறையின் கதைகளிற் பெரும்பாலானவற்றில் லயத்திலேயே தங்கிவிட்ட தங்கைக்கு வசனமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தெளிவத்தை ஜோசப் (1934–2022) இவ்வகையில் விலக்கானவர். 'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதியின் ஆசிரியராகிய அவர், தோட்டத்தின் உத்தியோகத்தர் மட்டத்தையும் லயத்து அறையின் நெருக்கடி குடும்பத்தினுள் விளைக்கும் கூச்சத்தையும் ஒரே கூர்மையோடு நோக்கியவர். அவருடைய மாந்தர் எவருக்கும் தம்மை நிரூபிக்க விரைவதில்லை. வாசகனே தன் பார்வையைத் திருத்திக்கொள்ளவேண்டியவனாகிறான்.

விமரிசனமும் இங்கே தப்புவதற்கில்லை. 1960களின் தொடக்கத்திலே மரபுவாதிகள் முற்போக்கு எழுத்தை 'இழிசனர் இலக்கியம்' என்றபோது, பேராசிரியர் கைலாசபதி முதலானோர் அதனை எதிர்த்து நின்றமை எமது இலக்கிய வரலாற்றின் பெருமைக்குரிய அத்தியாயம். கைலாசபதி ஆசிரியராயிருந்த 'தினகரன்' பக்கங்கள் மலையகத்தார்க்கும் திறந்திருந்தன. தேசிய இலக்கியக் கோட்பாடு 'மண்வாசனை'க்கு இடமளித்தது. எனினும் அம்மண்வாசனை விரைவிலேயே ஓர் எதிர்பார்ப்பாக இறுகிற்று. மலையக எழுத்தாளன் மலையகத்தைப் பற்றியே, அதிலும் துன்பத்தைப் பற்றியே, அதிலும் தேயிலைத் துன்பத்தைப் பற்றியே எழுதவேண்டும் என்பதாயிற்று. அவனது எழுத்து சமூகத் தகவலாகப் படிக்கப்பட்டது. அதன் வடிவம் குறித்து எவரும் வினவவில்லை. யாழ்ப்பாணத்து நாவலாசிரியரிடம் நாம் பாத்திர வார்ப்பைக் கேட்டோம், தோட்டத்து எழுத்தாளரிடம் சாட்சியம் கேட்டோம். இதுவும் ஒரு தராசே. இறப்பர்த் தோட்டத்துக்காரனுக்கு அத்தராசில் ஏறவும் இடமில்லை. அவனது துன்பம் அறிமுகமான துன்பத்தைப் போல இருக்கவில்லை.

நிவித்திகலவிலோ கலவானையிலோ ஒரு தோட்டத்திற் பிறந்து, சிங்களமொழி மூலம் பயின்ற ஒருத்தி நாளை பால்வெட்டைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு நாவல் எழுதக்கூடும். எழுதினால், மலையகத் தமிழ் இலக்கிய வரலாறு அதற்கு எந்த அத்தியாயத்தில் இடமளிக்கும்? சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியவற்றை மலையக இலக்கியத்தின் முன்னோடிப் படைப்புகளாக நாம் தயக்கமின்றி ஏற்றோம். 1954 இல் வெளிவந்த அவரது தேயிலைத் தோட்டக் கவிதை நூல் ஆங்கிலத்தில் இருந்தமை எவருக்கும் இடையூறாகவில்லை. ஆங்கிலத்துக்கு அளித்த அதே உரிமையைச் சிங்களத்துக்கும் அளிக்க நாம் ஆயத்தமா என்ற வினாவுக்கு, வரலாறு எழுதுவோர் அந்நூல் வெளிவருவதற்கு முன்னரே விடை கூறுதல் நன்று.